குவாக் சார் பக்கத்து இடம்

குவாக் சார் பக்கத்தில் உட்கார ஒருத்தருக்கும் ஆசை கிடையாது. ஆபீஸ் விருந்து என்றால் கொரியாவின் தேகு நகரக் கிளையே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேஜையின் அந்தக் கோடிக்கு ஓடும். அன்றைக்கு ஹேரிம் மட்டும் நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

யோங்ஜு அக்கா அவள் காதைக் கடித்தாள். "கிறுக்கா உனக்கு? கிளாஸ் காலியானா ஊத்திக்கிட்டே இருப்பார். போன தடவை சுங்மோ வேற யாரோட செருப்பையோ மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனான்."

"பரவால்லக்கா. யாராவது உட்காரணும்ல."

பொய். அவர் ஊற்றுவார் என்றுதான் அங்கே உட்கார்ந்தாள்.

போன குளிர்காலத்தில் அவள் இரைப்பையில் முக்கால்வாசியை டாக்டர் வெட்டி எடுத்திருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. ஆபீஸில் கேட்டவர்களிடம், தினமும் மலை ஏறுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள். மலை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"கேஸ் உள்ள எதுவும் கூடாது. குடி கூடவே கூடாது. இந்த வயித்துக்கு ஒரு கிளாஸே அதிகம்," என்றிருந்தார் டாக்டர். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டதற்கு, "மறந்துடும்மா."

எப்படி மறப்பது? வேலை முடிந்து வந்து பீர் கேனைத் திறந்தால் 'டிஷ்ஷ்' என்று ஒரு சத்தம் வருமே, அது அவளுக்குக் கனவில் கேட்டது. முதல் மடக்கு தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கி, மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் முட்டுமே, அது வேண்டும். பஸ்ஸில் எவனாவது கோலா குடித்தால்கூட அவன் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்து, இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விடுவாள்.

தானாகக் குடித்தால் தப்பு. மேலதிகாரி ஊற்றிக் கொடுத்தால்? 'அவர் விடல டாக்டர், நான் என்ன பண்றது?' வசனத்தைக்கூடத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள்.

மேஜை நடுவிலிருந்த அடுப்பில் கறி வெந்தது. ஹேரிம் தன் துண்டைக் கத்தரிக்கோலால் அரிசி அரிசியாக நறுக்கினாள்.

"மலை ஏறுறவ திங்கிற தீனியா இது? எங்க வீட்டுக் கிளி இதைவிட அதிகமாத் தின்னும்," என்றான் சுங்மோ.

"உன்னை மாதிரித் தின்னா மலை இல்ல, மாடிகூட ஏற முடியாது," என்றாள் யோங்ஜு அக்கா.

குவாக் சார் சிரிக்கவில்லை. தன் தட்டுக்கு வந்த கறியையெல்லாம் கீரை இலையில் சுருட்டிச் சுருட்டி அடுத்தவர் வாயில் திணித்துக்கொண்டிருந்தார். "தின்னு. குடி. டேய் சுங்மோ, நுரை அடங்குறதுக்குள்ள குடிடா."

அவருக்கென்று தனியாக ஒரு பச்சை பாட்டில், சோஜு சாராயம். முழங்காலை ஒட்டி வைத்துக்கொள்வார். வழக்கப்படி தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாதே, அதனால் பக்கத்தில் இருக்கிறவர்தான் அதிலிருந்து ஊற்ற வேண்டும். ஹேரிம் இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினாள். கறிப் புகையில் வாசனைகூட வரவில்லை. எச்சில்தான் ஊறியது.

ஒரே மடக்கில் காலி பண்ணினார் அவர். "க்யா!"

மடக்கு இறங்கியதும் தொண்டையிலிருந்து அந்த 'க்யா' வர வேண்டும். வந்தால்தான் குடித்ததாகக் கணக்கு. கிளையிலேயே பெரிய 'க்யா' குவாக் சாருடையது. அதைக் கேட்டால் அடுத்த தெருக்காரனுக்கும் தாகம் எடுக்கும்.

"ஹேரிம், உன் கிளாஸ் எங்க?"

கேட்டேவிட்டார்.

"எனக்கு வேணாம் சார்," என்றாள் ஒரு பேச்சுக்கு. கிளாஸை நீட்டிக்கொண்டேதான் சொன்னாள்.

சுங்மோ பீர் பாட்டிலோடு வந்தான். "முதல்ல பாதி பீர் சார். அப்புறம் மேல சோஜு."

பாட்டில் கழுத்தில் நுரை ஏறி நின்றது. ஹேரிமின் கண் அதைவிட்டு நகரவில்லை.

குவாக் சார் அவன் கையைத் தள்ளினார். "எடுத்துட்டுப் போடா. பீர்ல பாதி காத்து. என் பக்கத்துல உட்கார்ந்தா என் பாட்டில்தான்."

முழங்காலடியிலிருந்து பாட்டிலை எடுத்து விளிம்பு வரை ஊற்றினார்.

"விடுங்க சார், பாவம் சின்னப் பொண்ணு," என்ற யோங்ஜு அக்கா, "இந்தாளுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது," என்று முணுமுணுத்தது மேஜை முழுக்கக் கேட்டது.

விட்டுடாதீங்க சார் என்று மனசுக்குள் கெஞ்சினாள் ஹேரிம்.

"குடி."

பெரியவர் முன்னால் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். திருப்பிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனை மாசம் ஆச்சு. உதட்டில் வைத்து மெதுவாக உறிஞ்சினாள்.

தண்ணீர்.

வெறும் தண்ணீர்.

அழுகை வந்தது. கோபமும் வந்தது. கோபப்படத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தும் வந்தது. சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

குவாக் சார் அடுப்புக் கறியைக் கிளறுகிற மாதிரி குனிந்திருந்தார்.

"எனக்கும் வயித்தை வெட்டி நாலு வருஷம் ஆச்சு," என்றார் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "நீ அரிசி அரிசியா நறுக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. நானும் நாலு வருஷமா இவனுங்களைக் குடிக்க வச்சு வேடிக்கை பாக்குறேன். இன்னும் ஆசை அடங்கல."

அவர் கண் சுங்மோவின் கிளாஸில் இருந்தது. நுரையில்.

மேஜையே ஹேரிமைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன முழிக்கிற? 'க்யா' சொல்லு," என்றார் குவாக் சார், உதடு அசையாமல். "இல்லேன்னா ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்."