காய்க்காத கடற்புல்

“வாங்கோ பிள்ளை, வந்து பாருங்கோ! எவ்வளவு துப்புரவாக் கிடக்கெண்டு!”

நாரந்தனைக் கடலில் முழங்காலளவு தண்ணீரில் நின்றபடி மாக்கிறேற் கையசைத்தாள். முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய நிமலினி, செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கினாள்.

சண்டை ஓய்ந்து, கடற்படை இந்தக் கரையில் இறங்க விட்ட வருடம், பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக வந்தபோது அவள் இங்கே ஒரு கடற்புல்லைக் கண்டுபிடித்தாள். அகன்ற இலை. வேறெங்கும் அவள் கண்டதில்லை. ஆனால் அத்தனையும் பெண் செடிகள். ஒரே தாயின் வேரிலிருந்து படர்ந்தவை. பூத்தன, காய்க்கவில்லை. ஒரு நோய் வந்தால் மொத்தமும் போய்விடும். ஆண் செடி தேடி அனலைதீவு வரை வள்ளத்தில் அலைந்தும் கிடைக்கவில்லை.

இருப்பதையாவது காப்பாற்றுவோம் என்றுதான், இடையில் நெருக்கி வளர்ந்த ஒல்லி இலைப் புல்லைப் பிடுங்க மாக்கிறேற்றைச் சம்பளத்துக்கு வைத்தாள். கடலில் நண்டு பிடித்துப் பழகிய கை. உப்பில் வெடித்தும் அவள் சலிக்கவில்லை.

“அக்கா, இனிப் புடுங்க வேண்டாம்.” நிமலினிக்கு மூச்சு வாங்கியது.

“புடுங்க என்ன கிடக்கு? போன கிழமையே முடிச்சிட்டன். நீங்கள் சொன்ன மாதிரி, வேரோடை.”

“அந்தக் கல்லுக்குப் பின்னாலை?”

“அங்கையும் இல்லை.”

“புடுங்கினதுகள்?”

“காயவைச்சுத் தென்னைக்குப் பசளையாத் தாட்டிட்டன். ஏன் பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?”

நிமலினி குனிந்து இரண்டு கைகளாலும் மணலைத் துழாவினாள். ஒல்லிப் புல்லின் ஒரு வேர்கூடத் தட்டுப்படவில்லை.

“என்ன விழுந்திட்டுது? காப்போ?” மாக்கிறேற்றும் பதறிக் குனிந்து தேடத் தொடங்கினாள்.

“உங்களிலை பிழையில்லை அக்கா. நான் சொல்லித்தானே செய்தனீங்கள்.”

“என்ன பிழை?”

“ஒப்பிட்டுப் பாக்கவெண்டு ரெண்டு புல்லையும் கொழும்புக்கு அனுப்பினனான். நேற்றுத்தான் பதில் வந்தது. இலைதான் வேறையாம். மரபணுவைப் பாத்தால் ரெண்டும் ஒரே சாதியாம். ஒல்லிப் புல்லிலை ஒரு மொட்டும் இருந்ததாம்.”

“பூக்கப் போகுதெண்டால் நல்லதுதானே பிள்ளை?”

நிமலினி நிமிராமலே சொன்னாள்.

“அது ஆண் மொட்டு, அக்கா.”