ஹரிமதியின் ஞானஸ்நானம்

கல்கத்தாவுக்கு ஊழியம் செய்ய வந்து பதினொரு மாதமாகியும் இளம் மிஷனரி அருள்மாணிக்கத்திடம் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. பாளையங்கோட்டைச் சபையோ கடிதத்துக்குக் கடிதம், "எத்தனை பேர்?" என்று கேட்டது. 1908 ஆடியில், மானம் போகிறதே என்று, "டாக்குரியா கிராமத்துக் குளம் ஒன்றில் ஹரிமதி என்ற விதவையை முக்கி ஞானஸ்நானம் கொடுத்தேன்" என்று இல்லாத ஒருத்தியை எழுதிவிட்டார். ஊரில் அவளுக்காக உபவாசமிருந்து ஜெபித்தார்கள். வெள்ளைச் சேலை ஒன்றும் அனுப்பினார்கள். அதைப் பார்க்கவே கூசி, பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினார்.

அந்த ஞாயிறு, வழக்கமாகக் காலியாகக் கிடக்கும் ஜெபக்கூடத்தில் ஒருத்தி அதே சேலையோடு உட்கார்ந்திருந்தாள். கூந்தலிலிருந்து பாசித் தண்ணீர் சொட்டியது. அவர் வங்காளியில் பெயர் கேட்டார். பதில் திருநெல்வேலித் தமிழில் வந்தது.

"ஹரிமதிதான் ஐயா. தண்ணியில முக்குனதா எழுதுனீய. தூக்கிவிட்டதா எழுதலையே."