வெறும் வெயிட்டுக்குத்தான்

மதிவதனி ரப்பர் பேண்டை முறுக்கி, போட்டிக்குச் செய்த அட்டை விமானத்தை ஒரு தடவை விட்டுப் பார்த்தாள். அது மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பி, அப்படியே பின்பக்கமாக விழுந்தது.

"மூக்குல வெயிட் பத்தல" என்றார் அவள் அப்பா நெடுஞ்செழியன், ஊர்ப் பகுத்தறிவு மன்றத்தின் தலைவர். "ஒரு கல்லு கெடைச்சா கட்டிடலாம்."

அறுவடை முடிந்த வயலில் கல்லுக்கு எங்கே போவது? மண்கட்டி கட்டக் கட்ட உதிர்ந்தது. போட்டியில் அடுத்த பெயர் மதிவதனியுடையது. நெடுஞ்செழியன் ஓடினார். மனைவி ஸ்கூட்டியில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த காய்ந்த எலுமிச்சம்பழத்தை அறுத்து வந்து, விமானத்தின் மூக்கில் கட்டினார்.

கூட்டம் சிரித்தது. மன்றச் செயலாளர் பகலவன் மட்டும் சிரிக்கவில்லை.

"தோழர், இதுக்கு நீங்க மன்றத்துல விளக்கம் சொல்லணும்."

"வெறும் வெயிட்டுக்குத்தான் தோழர்."

விமானம் வயலைத் தாண்டி, வாய்க்காலையும் தாண்டிப் போய் இறங்கியது. மதிவதனிக்கு முதல் பரிசு.

பகலவன் நெடுஞ்செழியனை வைக்கோல் போருக்குப் பின்னால் அழைத்துப் போனார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"எம் பையனுக்கு ரெண்டு வருஷமா சிங்கப்பூர் விசா வரமாட்டேங்குது. வீட்ல கேட்டுச் சொல்லுங்க தோழர், அந்தப் பழம் எந்தக் கோயில்ல வாங்குனது?"