இரண்டு வாளி கடல் தண்ணீர்

ஜாலான் புசார் தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருந்த ஹனீபா, மகளின் பிரசவத்துக்காகக் குடும்பத்தோடு பினாங்குக்குப் போயிருந்தார். வீட்டு உள்ளறையில் இரும்புப் பெட்டி. அதற்குள் மூன்று தலைமுறை நகை. இதையெல்லாம் விசாரித்துக்கொண்டுதான் அஸ்மத் ஒரு பட்டப்பகலில் பின்கதவைக் கம்பியால் நெம்பி உள்ளே நுழைந்தான்.

"மீனைப் பார்த்துக்க வந்த தம்பியா?"

கம்பியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தான். கூடத்தில் துடைப்பமும் கையுமாக நடுவயதுப் பெண் ஒருத்தி நின்றாள். அருகே ஒரு கண்ணாடித் தொட்டி.

"ஆமா... மீனுக்குத்தான்" என்றான் அஸ்மத்.

"நான் ரபியா, பக்கத்து வீடு. பாய் சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. அதுக்காகப் பின்பக்கமாவா வருவாங்க? சரி, வாளியை எடுங்க. காத்தோங் கடற்கரைக்குப் போயி ரெண்டு வாளி கடல் தண்ணி மொண்டு வாங்க."

"குழாய்த் தண்ணி ஊத்துனா என்ன லாத்தா?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டான்.

"கடல் மீனைக் கொல்லப் பாக்குறீங்களா? நல்ல ஆளா அனுப்புனாரு லா!"

தொட்டிக் கல்லின் பொந்திலிருந்து விரல் நீள மீன் ஒன்று தலையை நீட்டியது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் ஹனீபாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன பிளென்னி மீன். நெற்றியில் இரண்டு குட்டிக் கொம்பு. ஒரு கண்ணால் அவனையும் மறு கண்ணால் ரபியாவையும் பார்த்தது.

மறுநாள், "தண்ணி கலங்கலா இருக்கு, மாத்துங்க" என்றாள் ரபியா. அதற்கு மறுநாள், "மீனு முகமே சரியில்ல. இன்னும் ரெண்டு வாளி."

பஸ்ஸில் கண்டக்டர், "வாளிக்கும் டிக்கெட் எடு லா" என்று வம்பு செய்தார். ஒரு சீனக் கிழவியின் மடி நனைந்து, புரியாத மொழியில் திட்டு விழுந்தது.

இரவில் வரலாமென்றால் அதற்கும் வழியில்லை. "ராத்திரி எங்க வீட்டுக்காரர் பாராங் கத்தியோட இங்கதான் படுக்குறாரு" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பகலில் அவனை உள்ளறைப் பக்கம் திரும்பக்கூட விடவில்லை.

ஐந்தாம் நாள் மீன் பொந்தை விட்டு வந்து, கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்றது. அஸ்மத் தன்னையறியாமல் கைதட்டினான். தொழிலை நினைத்து வெட்கமாகப் போயிற்று.

ஏழாம் நாள் காத்தோங்கிலிருந்து திரும்பியபோது கதவு திறந்திருந்தது.

"லாத்தா!"

ஆள் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டான். இல்லவே இல்லை! வாளிகளைச் சிந்தாமல் இறக்கி வைத்துவிட்டு உள்ளறைக்குப் பாய்ந்தான்.

பூட்டு அறுபட்டு, இரும்புப் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது, உள்ளே ஒரே ஒரு சீட்டு: "பாய் நாளைக்குத்தான் வர்றாரு தம்பி, அதுவரைக்கும் மீனைப் பட்டினி போட்டுடாதீங்க."