கொக்கி எடை

"இன்னிக்கும் சரியில்லை," என்றார் வெண்டெல்.

டிரெய்லர் வீட்டின் முன்கொக்கிக்கு அடியில் எடைக்கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். டிரெய்லர்கள் தங்கும் இந்த முகாமுக்கு வந்து மூன்று நாளாக இதே கதை. பெட்டிகளை இறக்குவார், ஏற்றுவார், எடை பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார்.

பக்கத்து டிரெய்லர்காரன் கிப், காபிக் கோப்பையோடு வந்து நின்றான்.

"ஏன் வெண்டெல், உன் நாயைக் கொஞ்சம் இந்தப் பக்கம் படுக்க வச்சுப் பாரேன்?"

வெண்டெலின் மனைவி லொரெட்டாதான் முதலில் சிரித்தாள்.

"நாய் எதுக்கு கிப்? இந்த ஆளை இறக்கி விட்டுட்டா எடை தானா சரியாயிடும்."

சிரித்தாளே தவிர, மலை இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை.

பிக்ஹார்ன் மலை. ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் மகளின் ஊர். நாளை பேத்திக்கு ஞானஸ்நானம். ஆனால் அந்த இறக்கம் பத்து மைல், பள்ளத்தாக்கை ஒட்டியே.

நாலு நாள் முன்பு, சமவெளியிலேயே, ஒரு லாரி கடந்துபோன காற்றில் டிரெய்லரின் பின்பாகம் வாலைப் போல ஆடியது. அதை இழுத்துப்போன பிக்கப் வண்டியையே பக்கவாட்டில் பிடுங்கியது. பின்னால் பாரம் அதிகம், கொக்கியில் குறைவு; அதனால்தான் அந்த ஆட்டம். இங்கே வந்ததும் வெண்டெல் கனமானதையெல்லாம் முன்னால் மாற்றி அடுக்கினார்.

"இதுக்குப் போயா இந்தப் பாடு?" என்று லொரெட்டா அப்போதும் சிரித்தாள்.

ஆனால் அவள் கண்ணை மூடினால் அந்த ஆட்டம்தான். யாரிடம் சொல்வது? நம் வண்டிக்கு இருபது அடி டிரெய்லர் போதும் என்றவர் அவர். இருபத்தாறு அடிதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கவைத்தவள் அவள். இப்போது பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வாள்?

"அப்ப என்னதான் பண்ணப்போற?" என்றாள் எரிச்சலாக.

வெண்டெல் தொப்பியைக் கழற்றினார்.

"இந்த எடையோட மலை இறங்க எனக்குத் தைரியமில்லை. நூறு மைல் கூடினாலும் சுத்துவழியிலயே போயிடுவோம். பயந்தாங்கொள்ளின்னாலும் சரி."

கிப் விசிலடித்தான். "போன வாரம் என் மாமியாரே ஓட்டிட்டு இறங்கினாங்கப்பா!"

"கேட்டுக்கோ!" என்று லொரெட்டாவும் சேர்ந்து சிரித்தாள்.

அப்பாடா, இனி அந்த இறக்கம் இல்லை. கொக்கியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

கண்ணெதிரே எடைக்கருவி. முள் 780 பவுண்டில் நின்றது.

கொக்கியின் மேல் வெண்டெல் சாக்கட்டியால் எழுதியிருந்தார், வந்த அன்றைய தேதியோடு: "780. சரி."

"வெண்டெல்... இது முதல் நாளே சரியாத்தானே இருந்திருக்கு?"

கிப் நகர்ந்துபோகும்வரை அவர் தொப்பியின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இருந்துச்சு. ஆனா மூணு ராத்திரியா நீ தூக்கத்துல, என் காலைப் பிரேக்னு நினைச்சு மிதிச்சுக்கிட்டே இருக்கியே லொரெட்டா."