மறுசோதனை

பரிசோதனைக்கூடத்தில் புது இயந்திரத்துக்குப் பரீட்சை. ஒரு மார்பகக் கட்டியின் சதைத் துணுக்கைப் பார்த்த டாக்டர், புற்றுநோய் இல்லை என்றார். இயந்திரம் உண்டு என்றது. இன்று மறுசோதனை முடிவு வருகிறது. இயந்திரம் ஜெயித்தால் நிர்வாகம் அதையே வாங்கிவிடும். துணுக்கைத் தயார் செய்வதையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்பதால் டெக்னீஷியன்களுக்கு வேலை இருக்காது.

"அது தோத்துடணும்க்கா" என்றாள் இளைய டெக்னீஷியன்.

"தோத்தே ஆகணும்டி" என்றாள் மூத்தவள். மறுபடியும் எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"நீங்க ரிட்டயராகப் போறவங்க. என்னைவிட நீங்கதான் அதிகமாப் பதறுறீங்க!"

டாக்டர் தலைகுனிந்தபடி வந்தார். "மெஷின் சொன்னதுதான் சரி."

இளையவள் தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு, நம்ம பொழப்புல மண்ணு! யாரோட சாம்பிளோ, வெறும் நம்பர்தான் ஒட்டியிருக்கு."

மூத்தவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"அந்த நம்பரை ஒட்டினதே நான்தான். அது என்னோடதுடி."