கடைசி இரைச்சல்

பிரபஞ்சம் பிறந்த சூட்டின் மிச்சம் இன்னும் வானமெங்கும் மெல்லிய இரைச்சலாகக் கசிகிறது. அதை மட்டும் பிடிக்க, மற்ற எல்லாச் சத்தத்தையும் கழித்துக் கழித்தே விஞ்ஞானி தமயந்திக்குத் தலை நரைத்தது. செயற்கைக்கோள்கள் ஈசலாய்ப் பெருகி, அவற்றின் சத்தத்தில் வானம் கேட்காமல் போனதும் அவளுடைய ரேடியோ தொலைநோக்கியை இழுத்து மூடினார்கள். பிறகு வேலைக்குக் கூப்பிட்டதும் அதே செயற்கைக்கோள் கம்பெனிதான். போன் பேச்சில் கலக்கும் அந்தக் கடைசி இரைச்சலை, பிரபஞ்சச் சூட்டின் அதே மிச்சத்தை, நீக்க வேண்டுமாம். அதை அவளைவிட அறிந்தவர் யார்? வயிறு என்று ஒன்று இருக்கிறதே, நீக்கிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் டொரொன்டோவிலிருந்து மகள் பேசினாள்.

“அம்மா, பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரியே இருக்கு! அடியில உஸ்ஸுன்னு கேக்குமே, சுத்தமா காணோம். என்னம்மா அது?”

தமயந்தி ஜன்னல் வழியே வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“அம்மா? லைன் கட்டாயிடுச்சா?”

“இருக்கேன்டி. அது ஒண்ணுமில்ல, பழைய குப்பை.”